சுத்தமான படம்

அத்தியாயம் 14

உமாதேவி விளாத்திகுளத்திலிருந்து கோவில்பட்டிக்கு, அம்மா வீட்டுக்கு வந்து தீபாவளியும் கழிந்து கார்த்திகையும் பிறந்துவிட்டது. தெருவுக்குச் சொன்ன காரணம், டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை. உண்மையான காரணம், அவளுடைய நெஞ்சு.

முதல் தடவை அது வந்தபோது அவள் மாமனார் சுந்தரபாண்டியின் கிட்டங்கியில், மிளகாய் வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் சும்மா நின்றுகொண்டிருந்தாள். ஓடவில்லை, எதையும் தூக்கவில்லை. திடீரென்று இதயம் பறக்க ஆரம்பித்தது. உள்ளூர் டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள், வந்தது போலவே சட்டென்று நின்றும் போனது. ஈசிஜி படம் எடுத்தார்கள். படத்தில் ஒன்றுமில்லை.

"வேலை செய்யச் சடைஞ்சு நடிக்கா" என்றாள் மாமியார்.

இரண்டாம் தடவை அடுப்படியில் வந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே சரிந்ததைப் பார்த்து அதே வாய் வேறு மாதிரி பேசியது. "நெஞ்சுநோவுக்காரிய மறைச்சுவச்சு நம்ம தலையில கட்டிட்டாங்க."

நடிப்புக்காரியா, நோயாளியா? அந்த வீடு அதை முடிவு செய்யவில்லை. எதுவாக இருந்தாலும் அனுப்பிவிடலாம் என்பதை மட்டும் முடிவு செய்தது. புருஷன் அருண்பாண்டியன் வாசல் வரை வந்து பெட்டியைத் தூக்கிக் கொடுத்தான்.

விவகாரம் உறவின்முறைச் சங்கத்துக்குப் போனது. பெரியவர்கள் உட்கார்ந்து, கலர் சோடா குடித்து, பேசி முடித்தார்கள். கோவில்பட்டியில் நல்ல டாக்டராகப் பார்த்துப் படம் எடுக்க வேண்டும். நெஞ்சில் கோளாறில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை பெண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இருந்தால் உறவைத் தீர்த்துவிட வேண்டும். வேலைக்குப் போகிறவனிடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பது போல, ஒரு பெண்ணின் இதயத்துக்குச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை படம் எடுத்தாகிவிட்டது. சுத்தமாக இருந்தது. ஆனால் மெயின் ரோட்டு டாக்டரம்மா சீட்டில் ஒரு வரி கூடுதலாக எழுதிவிட்டார். தொந்தரவு இல்லாத நேரத்தில் எடுத்த படம் இது, தொந்தரவு இருக்கும்போது மறுபடி பார்க்க வேண்டும் என்று. "எப்ப வருதோ அப்பவே வாங்க. நிக்கட்டும்னு காத்திருக்காதீங்க" என்று வாயாலும் சொன்னார்.

அந்த ஒரு வரி வீட்டையே ஆட்டிவைத்தது. இன்றைக்கு வெள்ளி. வீட்டில் எல்லோரும் அது வரக்கூடாது என்று காத்திருந்தார்கள். உமாதேவி ஒருத்திதான் அது வர வேண்டும் என்று காத்திருந்தாள்.

காலையில் அம்மா பத்திரகாளி அவள் முன்னால் டம்ளரை வைத்தாள்.

"என்னம்மா, மோரு?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் உனக்கு மோருதான். காபி கிடையாது."

"ஒரு வாய் காபிக்குக் குத்தமில்லைன்னுதானே டாக்டரம்மா சொன்னாங்க."

"நீ என்ன டாக்டரம்மா வீட்டுக்கா வாழப் போகுத? குடி."

தலை பின்னிக்கொண்டிருந்த தங்கை முத்துச்செல்வி கண்ணாடியைப் பார்த்தபடியே சிரித்தாள். "யக்கா, மெதுவா நட. நீ அதிர்ந்து நடந்தா என் கல்யாணம்லா ஆடுது."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். சுந்தரபாண்டியின் தம்பி மகனுக்கு முத்துச்செல்வியைப் பேசி, பூ வைத்து, தை மாதம் கல்யாணம் என்று மண்டபமும் பார்த்தாகிவிட்டது. அக்காள் நெஞ்சில் கோளாறு என்று ஊர்ஜிதமானால் அந்தப் பூவை அவர்கள் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே ரத்தம் என்று பேச்சு வரும். அது தெரிந்ததால் யாரும் சிரிக்கவில்லை. முத்துச்செல்வியும் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் வகுப்பு. கிட்டு மாஸ்டர் மிஷின்களுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தார். உமாதேவியின் விரல்கள் எழுத்துகளின் மேல் இருந்தன. இடது சுண்டுவிரல் அழுத்தப் போன நேரம், நெஞ்சுக்குள் ஒரு தாவல்.

அவ்வளவுதான். அடுத்த நொடி உள்ளே ஓட்டம் ஆரம்பித்துவிட்டது. கழுத்து துடிப்பது தாடை வரைக்கும் தெரிந்தது.

உமாதேவி எதையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. தன்னையே நம்பமாட்டாள். மாமியார் சொன்ன 'நடிக்கா' என்ற சொல் அவளுக்குள்ளேயே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. அதனால் முறையாகத் தன்னையே விசாரித்தாள். மாடிப்படி ஏறியதாலா? ஏறி வெகு நேரமாயிற்று. காபியா? மோர்தான் குடித்தது. எதையாவது நினைத்துப் பயந்தோமா? அந்த நேரத்தில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது மாஸ்டரின் சட்டைப் பித்தானை. அது ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. இதற்கா நெஞ்சு பறக்கும்?

இல்லை. இது அதுதான்.

பயமாக இருந்தது. கூடவே வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷமும். இப்போது போனால் படத்தில் விழும். நடிக்கவில்லை என்று அந்தக் காகிதம் சொல்லும். நோயாளி என்றும் சேர்த்துத்தான் சொல்லும். சொல்லட்டும். பொய்க்காரி என்ற பெயரோடு நூறு வருஷம் வாழ்வதற்கு அது மேல்.

அவள் சொன்னதும் மாஸ்டர் அண்ணனின் கடைக்குப் போன் செய்தார். மார்க்கெட் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சண்முகராஜ், டிவிஎஸ் ஐம்பதில் பறந்து வந்தான். கையில் இன்னும் துவரம்பருப்புத் தூசி.

"ஏட்டி, வந்துட்டா?"

"வந்துட்டுண்ணே. நேரா ஆஸ்பத்திரிக்கு விடு. நிக்கதுக்குள்ள போயிரணும்."

"ஏறு."

டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி மெயின் ரோட்டில், இரண்டு தெரு தள்ளித்தான். சண்முகராஜ் மெயின் ரோட்டுக்குத் திரும்பவில்லை.

"எங்கண்ணே போற?"

"ஊர்வலம் போகுதாம். எவனோ கட்சிக்காரன். சுத்திப் போயிருவோம்."

இளையரசனேந்தல் ரோட்டு ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. பஸ், மணல் லாரி, ஒரு ஆட்டுக் கூட்டம் எல்லாம் வரிசையில் நின்றன. சண்முகராஜ் இன்ஜினை அணைத்தான்.

"ஆஸ்பத்திரி கேட்டுக்கு இந்தப் பக்கம்தானேண்ணே இருக்கு. திரும்பிருவோம்."

"வரிசையில மாட்டியாச்சு. பேசாம இரு. பேசினா இன்னும் கூடும்."

அவர்களுக்குப் பின்னால் யாருமே இல்லை. உமாதேவி அதைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தும், தான்தான் எதையோ தப்பாகப் புரிந்துகொள்கிறோமோ என்று நினைத்தாள். அண்ணனுக்குத் தெரியாதா ஊர்வழி?

மணியாச்சிப் பக்கம் போகும் கூட்ஸ் ஒன்று பெட்டி பெட்டியாக ஊர்ந்தது. அதன் சத்தத்துக்கு மேலே அவள் காதில் அவள் இதயம் கேட்டது. கேட் திறந்தது. சண்முகராஜ் கேட்டைத் தாண்டி, ஊரைத் தாண்டி, கரிசல் காட்டு ஓரம் ஒரு பெட்டிக்கடையில் வண்டியை நிறுத்தினான்.

"சோடா குடி. தெளியும்."

"எனக்குச் சோடா வேண்டாம். டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போ."

"போவோம்ட்டி. இரு. ஒரு மடக்குக் குடி."

மழை பெய்து ஈரம் ஊறிய மண் கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பாக விரிந்து கிடந்தது. பருத்திச் செடி முழங்கால் உயரம். அந்தக் கறுப்பு மெல்ல மேலேறி வந்து அவள் கண்ணுக்குள் நுழைந்தது. சோடா பாட்டில் கைநழுவியது. அண்ணனின் கை அவள் தோளை இறுக்கிப் பிடித்ததை மட்டும் உணர்ந்தாள்.

"ஏட்டி. உமா. ஏ புள்ள, கண்ணத் தொற."

அவன் குரல் நடுங்கியது. அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் கறுப்பு விலகி அவள் பார்த்தபோதும் அவன் வண்டியை எடுக்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து, நாடியில் இரண்டு விரல் வைத்து, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். கடையில் கேனிலிருந்து எண்ணெய் ஊற்றும்போது பாட்டிலின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பானே, அதே பார்வை.

"நின்னுட்டா?" என்றான்.

"இல்ல."

கொஞ்சம் கழித்து மறுபடி. "இப்ப நின்னுட்டா?"

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஊர்வலம், கேட், சோடா எல்லாம் ஒரே கயிற்றில் கோத்ததுபோல் வந்து நின்றன. அண்ணன் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. அது நிற்கும் வரைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறான்.

எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஆஸ்பத்திரி கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பெட்டிக்கடைக்காரர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி, "புள்ளைக்கு ஒடம்புக்கு என்ன அண்ணாச்சி?" என்றார்.

"பித்தம்" என்றான் சண்முகராஜ்.

பிறகு, நெஞ்சில் ஓங்கி ஒரு அடி விழுந்தது. ஒரு கணம் உள்ளே ஒன்றுமே இல்லை. அதன்பின் சாதாரண இதயம், எதுவுமே நடக்காததுபோல் நடக்க ஆரம்பித்தது.

அவள் சொல்லவில்லை. அவன் விரலுக்கே தெரிந்துவிட்டது. பெருமூச்சு விட்டு வண்டியில் தாவி ஏறினான். "வா, வா. சட்டுன்னு ஏறு. இப்பவே படம் எடுத்துருவோம்."

திரும்பி வரும்போது கேட் திறந்து கிடந்தது. மெயின் ரோட்டில் ஒரு வாழைப்பழ வண்டிக்காரனைத் தவிர எந்தக் கூட்டமும் இல்லை.

"ஊர்வலம் எங்கண்ணே?"

"போயிருக்கும்" என்றான் அவன், திரும்பிப் பார்க்காமல்.

டாக்டரம்மா படத்தை நீளமாகப் பிடித்துப் பார்த்தார். சுத்தமான படம். சண்முகராஜின் கை அதை வாங்கிக்கொள்ள அப்போதே நீண்டுவிட்டது. டாக்டரம்மா கொடுக்கவில்லை.

"நெஞ்சு படபடப்புன்னு எங்கிட்ட வாரவங்கள்ல நிறையப் பேருக்கு இதயத்துல ஒண்ணுமே இருக்காது. தூக்கம் கெடும், கவலை இருக்கும், காய்ச்சல் இருக்கும். ரத்தம் குறைஞ்சிருக்கும், தைராய்டா இருக்கும். அதனாலதான் அன்னிக்கே ரத்தம் எடுத்துப் பாத்தேன். உங்களுக்கு அது ரெண்டும் சரியா இருக்கு" என்றார். "எப்படி அடிச்சுதுன்னு இந்த மேஜையில தட்டிக் காட்டுங்க."

உமாதேவி தயங்கினாள். பிறகு விரலால் தட்டினாள். விடாமல், வேகமாக, ஒரே சீராக. டைப் அடித்துப் பழகிய விரல்.

"நடுவுல தப்புதா?"

"இல்ல. ஒரே மாதிரிதான்."

"கொஞ்சம் கொஞ்சமா ஏறுதா?"

"இல்ல டாக்டர். சுவிட்ச் போட்ட மாதிரி. நிக்கதும் அப்படித்தான்."

"கழுத்துல துடிக்குதா? நின்ன பிறகு ஒண்ணுக்கு நிறையப் போகுதா?"

சண்முகராஜ் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். உமாதேவி ஆமாம் என்று தலையசைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை நாளில் அவளை எல்லோரும் கேள்வி கேட்டிருந்தார்கள். நம்பிக் கேட்டது இவர் ஒருவர்தான்.

"இதயத்துக்குள்ள கரண்ட் ஓடுறதுக்குப் பாதை உண்டு. சிலருக்குப் பிறக்கும்போதே குறுக்குப் பாதை ஒண்ணு கூட இருக்கும். கரண்ட் அதுல மாட்டிச் சுத்துனா இப்படி ஓடும். உங்களுக்கு அதுவா இருக்கும்னு நினைக்கேன். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்ல, மாத்திரை இருக்கு. மெட்ராஸ்ல அந்தப் பாதையவே இல்லாம ஆக்கிருதாங்க. ஆனா எது வந்தாலும் ஓடுறபோது பிடிச்சாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும். மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ கூட வந்தா யோசிக்கவே கூடாது, உடனே வந்துரணும். இன்னிக்குக் கண்ணு கிண்ணு இருட்டுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்" என்றான் சண்முகராஜ்.

"நான் உங்களைக் கேக்கல."

உமாதேவி அண்ணனைப் பார்த்தாள். அவன் கண் அவளிடம் கெஞ்சியது. சின்ன வயசில் அவள் தட்டிய எண்ணெய்ப் பாத்திரத்துக்காக அப்பாவிடம் அடி வாங்கியவன் அவன்.

"இருட்டிட்டு" என்றாள். "அண்ணன்தான் விழாம பிடிச்சுக்கிட்டான்."

"எங்க வச்சு?"

"கேட்டுக்கு அந்தப் பக்கம்."

"டைப்ரைட்டிங் கிளாஸ்லருந்து வாரேன்னுதானே சொன்னீங்க. அதுக்கும் எனக்கும் நடுவுல ஏது கேட்டு?"

டாக்டரம்மா சண்முகராஜைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவனை விட்டுவிட்டு உமாதேவியிடமே பேசினார்.

"பஸ்ல, வெளியூர்ல இருக்கும்போது வந்தா உக்காந்துக்கிட்டு, மூச்சை அடக்கி, கக்கூஸ்ல முக்குற மாதிரி முக்குங்க. ஜில்லுன்னு தண்ணிய மூஞ்சில அடிங்க. சில சமயம் நின்னுரும். இந்த ஊர்ல இருக்கும்போது வந்தா எதுவும் செய்யாண்டாம். எங்கிட்ட வந்துருங்க. எட்டரை வரைக்கும் இங்கதான் இருப்பேன். அதுக்குப் பிறகும் மேல வீட்டுலதான்." சீட்டை இழுத்து எழுதினார். "மதுரையில உடம்புல மாட்டிவிடுற மிஷின் இருக்கு. ஒரு நாள் பூரா பதியும். திங்கட்கிழமை போங்க."

"டாக்டர்," சண்முகராஜ் தொண்டையைச் செருமினான். "ரெண்டு படமும் சரியாத்தானே இருக்கு. நெஞ்சுல ஒண்ணுமில்லைன்னு மட்டும் ஒரு வரி எழுதித் தந்தீங்கன்னா, ஞாயித்துக்கிழமைக்கு ஆகும்."

"படத்தை வேணும்னா கொண்டு போங்க. அது மிஷின் போட்டது. என் கையெழுத்து அதுக்குக் கிடையாது."

வெளியே வந்ததும் அவன் மதுரைச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். எஸ்டிடி பூத் வாசலில் வண்டியை நிறுத்தினான். கண்ணாடிக் கதவு சரியாக மூடவில்லை. உள்ளே பேசியது எல்லாம் கேட்டது.

"மாமா, நான் சண்முகராஜ். இன்னிக்கு மறுபடி எடுத்தாச்சு மாமா. சுத்தமா இருக்கு. போனது, இது, ரெண்டும் சுத்தம். எழுத்தா? ரெண்டு படம் இருக்கும்போது எழுத்து எதுக்கு மாமா? ... சரி மாமா. நாளைக்கேவா? ரொம்பச் சந்தோசம்." திரும்பி ரிசீவரை அவளிடம் நீட்டினான். "மாப்பிள்ளை பேசணுங்காரு."

அருண்பாண்டியன் குரல் வெகு தூரத்தில் கேட்டது. "எல்லாம் சரியாப் போச்சுல்லா? காலையில அப்பாவும் நானும் கார் எடுத்துட்டு வாரோம்."

"சரியாகல. இன்னிக்குக் கண்ணு இருட்டிட்டு. மதுரைக்குப் போகச் சொல்லுதாங்க."

மறுமுனையில், கிட்டங்கியில் யாரோ மூட்டையை இறக்கும் ஒலி கேட்டது. பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அத அப்பாகிட்ட சொல்லிராத. முதல்ல நீ வீடு வந்து சேரு. பொறவு பாத்துக்கிடலாம்."

அவள் ரிசீவரை வைத்தாள். நம்பாதவர்களோடு சண்டை போடலாம். இவன் நம்புகிறான். நம்பித்தான் இதைச் சொல்கிறான்.

வீட்டில் அம்மா அந்தப் படத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாமி அறையில் வைத்து விபூதி போட்டாள். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட அந்த ரோஸ் காகிதம் பத்திரகாளியம்மன் படத்துக்குக் கீழே சுருண்டு கிடந்தது.

"உமா, நாளைக்கு அந்தப் பச்சைப் பட்டக் கட்டிக்கோ" என்றாள் அம்மா.

"ஊர்வலம்னு சொன்னான்லா உம் மகன். அதக் கேளும்மா மொதல்ல."

"எல்லாம் சொல்லிட்டான்."

சொல்லிவிட்டான். அம்மாவுக்குத் தெரியும். உமாதேவி தங்கையைப் பார்த்தாள். முத்துச்செல்வி கதவோரம் நின்று தாவணி நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியும்.

"நான் அந்தப் பெட்டிக்கடையில செத்திருந்தேன்னா?"

"சாகலல்லா" என்றான் சண்முகராஜ். சொன்ன பிறகு அவனுக்கே அது கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஏட்டி, நான் எனக்காகவா செய்யுதேன்? உன் வாழ்வும் நிக்கணும், இவ கல்யாணமும் நடக்கணும். ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு நிக்க எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. அங்கன போயி ஒரு மாசம் கழிச்சு மதுரைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். சத்தியமா."

"செத்திருந்தாலும் உனக்கு நல்லதுதாண்ணே. அப்பவும் படம் சுத்தமாத்தான் வந்திருக்கும்."

அம்மா ஓங்கி அறைந்தாள். அறைந்த கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்த நேரத்தில்தான் உள்ளே மறுபடி தாவியது.

உமாதேவி சுவரில் சாய்ந்தாள். வழக்கம்போல் தன்னையே விசாரித்தாள். அடி பட்ட ஆத்திரமா? ஆத்திரத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அது படியேறுவதுபோல் ஏறியது. இது ஒரே தாவல். கழுத்தில் கை வைத்தாள். தட்டிக் காட்டிய அதே வேகம், அதே சீர். இந்தத் தடவை விசாரணை சீக்கிரம் முடிந்துவிட்டது.

செருப்பைத் தேடிக் காலை நீட்டினாள்.

"எங்க போற?" என்றான் அண்ணன். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. "அம்மா, பானைத் தண்ணிய எடு. ஜில்லுன்னு மூஞ்சில அடி. அந்தம்மா சொன்னாங்க, நின்னுரும்."

பத்திரகாளி ஓடிப் போய்ச் செம்பில் மொண்டுகொண்டு வந்தாள். கண்ணில் இன்னும் ஈரம். "இங்கன உக்காரும்மா. என் தங்கம்லா. ஒரு நிமிசத்துல நின்னுரும்."

ஆபத்துக்கு உதவட்டும் என்று டாக்டரம்மா சொல்லிக் கொடுத்த வைத்தியம், அவளை வெளியே விடாமலிருக்கப் பயன்பட்டது. உமாதேவி செம்பைத் தட்டிவிட்டாள். தண்ணீர் சுவரெல்லாம் சிதறியது. வாசலைப் பார்த்து நடந்தாள். அண்ணன் குறுக்கே வருவான் என்று நினைத்தாள். அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, அதில் முதுகைச் சாய்த்து நின்றவள் முத்துச்செல்வி.

"யக்கா," என்றாள். உதடு கோணியது. "தை மாசம் வரைக்குங்க்கா. உன் காலப் பிடிச்சுக் கேக்கேன்."

உமாதேவிக்கு மூச்சு வாங்கியது. இவளோடு மல்லுக்கட்ட உடம்பில் தெம்பு இல்லை. தெருப்பக்கம் ஜன்னல் திறந்திருந்தது. அன்றைக்குத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் முறை. எட்டு, பத்து நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீர். பிளாஸ்டிக் குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டு மொத்தத் தெருவும் விளக்குக் கம்பத்தடியில் நின்றது.

ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். இந்த வாசலைத் தாண்டக் கூடாது என்று இந்த வீடு இத்தனை நாள் காப்பாற்றி வைத்த சொல்லை, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"வெயிலம்மாக்கா. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது. இது நோவுதான். என்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக மாட்டாங்காங்க. ஒரு ஆட்டோ பிடிச்சுத் தாங்க."

குழாயடியில் ஒரு குடம் நிறைந்து வழிந்தது. தண்ணீர் வழிய விடாத தெருவில் அதை யாரும் நகர்த்தவில்லை.

எதிர்வீட்டு வெயிலம்மாள் வரிசையில் தன் இடத்தை விட்டு விலகி வந்தாள். ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள். உமாதேவியை, கதவில் சாய்ந்து நின்ற முத்துச்செல்வியை, தரையில் கிடந்த செம்பை.

"ஏட்டி பத்திரகாளி, கதவத் தொற" என்றாள். பிறகு தெருவைப் பார்த்து, "ஏலே சின்னக்கருப்பா, ஆட்டோவ எடுத்துட்டு வாலே."

சண்முகராஜ் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அம்மா சாமி அறை வாசலில் நின்றாள். முத்துச்செல்வி நகரவில்லை. உமாதேவி அவள் விரல்களைத் தாழ்ப்பாளிலிருந்து ஒவ்வொன்றாக விலக்கினாள். கண்ணீரில் நனைந்த விரல்கள். அவை எதிர்க்கவும் இல்லை, விடவும் இல்லை.

"உன்னால நான் கெட்டேன்" என்றாள் முத்துச்செல்வி, அக்காவுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

உமாதேவி ஆட்டோவின் பின்சீட்டில் ஏறியதும் கழுத்தில் விரலை வைத்துக்கொண்டாள். தெரு முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. வண்டி கிளம்பியது. மாமனார் வீட்டில் நின்றுபோ, நின்றுபோ என்று அதனிடம் கெஞ்சியவள், இப்போது வேறொன்றைக் கெஞ்சிக்கொண்டு போனாள்.

நிற்காதே. டாக்டரம்மா பார்க்கும் வரைக்கும் நிற்காதே.